மலிவான டைவ் வாட்ச் மேல் சேகரிப்பாளர்களுக்கு ஏன் இவ்வளவு ஆசை? இப்போது கேட்கிற விலைக்கு அது தகுமா?

கேள்வி கேட்டவர் முந்நூறு சிங்கப்பூர் வெள்ளிக்குள் முதல் டைவ் வாட்ச், அதாவது கடலுக்கடியில் மூழ்குபவர்களுக்கான கடிகாரம், வாங்கப் பார்க்கிறார். ஜப்பான் கம்பெனி சீக்கோவின் எஸ்கேஎக்ஸ்007 மாடலை ஆளாளுக்குக் கொண்டாடுகிறார்கள், ஆனால் பழையதற்கே கேட்கிற விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது, அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்கிறார். என்னிடம் அது ஒன்று இருக்கிறது, பத்து வருஷத்துக்கு மேலாகக் கட்டுகிறேன். ஆகவே கொஞ்சம் பாசம் கலந்த பதில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியது 2014இல், சிங்கப்பூர் முஸ்தபா கடையில். அப்போதெல்லாம் அங்கே இரவு பகல் பேதம் கிடையாது, 24 மணி நேரமும் திறந்திருக்கும். மாலை ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் இட்லி அரிசி வாங்கப் போனவன், கைக்கடிகாரப் பக்கம் கால் தானாகத் திரும்பிவிட்டது. "கறுப்பு வேணுமா, சிவப்பும் நீலமும் வேணுமா தம்பி? உள்ளே மெஷின் ஒண்ணுதான்" என்றார் கடைக்காரர். கறுப்பை எடுத்துக் கையில் வைத்தார். கனம்தான் முதலில் தெரிந்தது. அப்புறம் இரண்டு கையையும் குவித்து, கடிகாரத்தை அதற்குள் பொத்தி, "உள்ள பாருங்க" என்றார். விரல் சந்தில் எட்டிப் பார்த்தால் இருட்டில் பச்சைப் பொட்டுகள் வட்டமாக எரிகின்றன. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த எனக்கு மின்மினிப் பூச்சி பிடித்த வயசு திரும்பியது. அரிசியோடு சேர்த்து அதையும் தூக்கிக்கொண்டு வந்தேன். இருநூற்றுச் சொச்சம் வெள்ளி.

இந்த முகவெட்டு புதிதல்ல. 1953இல் சுவிஸ் கம்பெனிகளான பிளாங்பானும் ரோலெக்ஸும் தொடங்கி வைத்தது, சீக்கோ 1965இல் 150 மீட்டர் தாங்கும் தன் முதல் டைவரைக் கொண்டுவந்தது. ரோலெக்ஸ் விலைக்கு நாம் எங்கே போவது? முகப்பைச் சுற்றி அதே சுழல் வளையம், தண்ணீர் புகாமல் திருகி மூடுகிற அதே திருகுமூடிச் சாவி, அதே இருட்டு வெளிச்சம், எல்லாம் ஒரு வாரச் சம்பளத்துக்குள் கிடைக்கிறது என்பதில்தான் பாதி ஆசை. மீதிப் பாதி, அதைப் பற்றிக் கவலையே பட வேண்டாம் என்பது. நம் ஊர் வெக்கைக்குத் தோல் பட்டை இரண்டே மாதத்தில் நாறத் தொடங்கும். ரப்பரையும் எஃகையும் சோப்புப் போட்டுக் குழாயடியில் கழுவிவிடலாம். திடீர் மழையில் பஸ் நிறுத்தத்துக்கு ஓடும்போது மணிக்கட்டைச் சட்டைக்குள் ஒளிக்க வேண்டியதில்லை.

சுழல் வளையத்தை நான் எதற்குப் பயன்படுத்தினேன் தெரியுமா? கார் நிறுத்தக் கூப்பன் கிழித்த காலத்தில், கூப்பனைக் கிழித்ததும் முக்கோணப் புள்ளியை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பிவிடுவேன். சாப்பாட்டுக் கடையில் அரட்டை நீண்டாலும் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். வளையம் இடப்பக்கமாக மட்டும்தான் சுற்றும். தண்ணீருக்கடியில் எதிலாவது இடித்து நகர்ந்தாலும், கழிந்த நேரத்தைக் கூடுதலாகத்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. மூழ்கியவர் சீக்கிரம் மேலே வந்துவிடுவாரே தவிர, காற்றுத் தீர்ந்து மாட்டிக்கொள்ள மாட்டார். எவ்வளவு எளிமையான யோசனை!

நண்பர்கள் ஐந்தாறு பேர் மாதம் ஒருமுறை தேக்கா பக்கம் தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) குடித்துக்கொண்டு கடிகாரங்களை மேசையில் பரப்புவோம். எப்போதும் சண்டை விலையில்தான். எஸ்கேஎக்ஸ் 1996இல் வந்தது, 2019இல் நிறுத்தினார்கள். நிறுத்திய சேதி வந்ததும் பெட்டிக்குள் கிடந்ததெல்லாம் "அரிய பொருள்" ஆகிவிட்டது. வாங்கிய விலையைப்போல் இரண்டு மடங்கு கேட்கிறார்கள். ஒரு நண்பர், "அதன் பெருமையே மலிவாக இருந்ததுதானே, அதற்கு எதுக்கு இந்த விலை?" என்பார். எனக்கும் அதே கருத்துதான். உள்ளே ஓடும் 7எஸ்26 என்ற மெஷின், கை அசைவிலேயே முறுக்கேறும் உழைப்பாளி, அதில் சந்தேகமில்லை. ஆனால் கையால் சாவி கொடுக்க முடியாது, நேரம் வைக்கும்போது நொடிமுள்ளை நிறுத்தவும் முடியாது. இரண்டு நாள் கழற்றி வைத்துவிட்டால் திங்கட்கிழமை காலையில் மருந்துப் புட்டியைப்போல் குலுக்கித்தான் எழுப்ப வேண்டும்.

எஸ்கேஎக்ஸுக்குப் பதிலாக 2019இலேயே வந்த சீக்கோ 5 எஸ்ஆர்பிடி வரிசையில் 4ஆர்36 மெஷின். அதில் சாவியும் கொடுக்கலாம், நொடிமுள்ளும் நிற்கும். ஆனால் 200 மீட்டர் 100 ஆனது, திருகுமூடிச் சாவி போனது, முகப்பில் "டைவர்ஸ்" என்ற சொல்லும் போனது. மேசையில் பாதிப் பேருக்கு இது துரோகம். மற்றவர்கள், "அலுவலக மேசைக்கு எத்தனை மீட்டர் வேணும்?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்கள்.

அந்த 4ஆர்36-க்கே பெயர் மாற்றி என்எச்36 என்றும், கிழமை காட்டாத தம்பியை என்எச்35 என்றும் சீக்கோ மற்ற கம்பெனிகளுக்கு விற்கிறது. பகானி டிசைன் என்ற சீனக் கம்பெனியின் நூறு வெள்ளிச் சொச்சக் கடிகாரத்தில் ஓடுவதும், அதைப்போல் நாலைந்து மடங்கு விலை சொல்கிற சில சிறு கம்பெனிக் கடிகாரங்களில் ஓடுவதும் இதே மெஷின்தான். அப்படியானால் மிச்சக் காசு எதற்கு? உறை தீட்டிய நேர்த்தி, வளையம் ஆட்டமில்லாமல் சொடுக்கும் சத்தம், கண்ணாடி, கெட்டுப்போனால் பதில் சொல்ல ஒரு ஆள். நம்மூர்க்காரர்களான ஸீலோஸ், போல்டர் கடிகாரங்களைக் கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் விரலுக்குத் தெரியும். ஆனாலும் முதல் கடிகாரத்துக்கு அது தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்தால் மலிவு என்ற கணக்கும் இப்போது பழைய மாதிரி இல்லை. நானூறு வெள்ளிக்குட்பட்ட பொருளுக்கும் 2023 ஜனவரியிலிருந்து ஜிஎஸ்டி உண்டு, மறு வருஷம் அதுவும் 9 சதவீதம் ஆகிவிட்டது.

மீட்டர் கணக்கில் ஏமாற வேண்டாம். 200 மீட்டர் என்றால் நாம் 200 மீட்டர் போவோம் என்றில்லை. பொழுதுபோக்குக்கு மூழ்குபவர்கள் 40 மீட்டரைத் தாண்டுவதில்லை. டைவ் வாட்சுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 6425 பெற வேண்டுமானால், எழுதியிருக்கும் ஆழத்தைவிட கால் பங்கு கூடுதல் அழுத்தத்தில் சோதித்துத் தேற வேண்டும், இருட்டில் 25 செண்டிமீட்டர் தள்ளி வைத்தும் நேரம் தெரிய வேண்டும். அதெல்லாம் கடிகாரம் புதிதாக, மூடி ஒழுங்காக இருக்கும்வரைதான். என்னிடம் இன்னொரு பேட்டரி டைவர் இருந்தது. ஒரு கடையில் பேட்டரி மாற்றினேன், ஐந்து நிமிட வேலை. மறுவாரம் கடலில் இறங்கி ஏறினால் கண்ணாடிக்கு உள்பக்கம் பனி மூட்டம். பின்மூடியைத் திறந்தவர் ரப்பர் வளையத்துக்கு சிலிக்கோன் பசை தடவவில்லை, அது ஒரு பக்கம் முறுக்கிக் கிடந்தது. பேட்டரி மாற்றினால் அழுத்தச் சோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் அது வெறும் கைக்கடிகாரம்.

ஒரே ஒரு முறை எஸ்கேஎக்ஸை அதன் சொந்த வேலைக்குக் கூட்டிப்போனேன். புலாவ் ஹந்து, பேய்த் தீவு. பெயருக்கேற்ற தண்ணீர், நீட்டிய கை மங்கலாகத்தான் தெரியும். பயிற்றுநர் கையில் டைவ் கம்ப்யூட்டர். ஆழம், நேரம் எல்லாம் அதுவே சொல்லிவிடும், என் கடிகாரத்துக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் கலங்கிய பச்சையில் மூச்சு படபடத்தபோது, அந்தப் பொட்டுகளைப் பார்த்துக்கொண்டே நொடிமுள்ளோடு சேர்ந்து மூச்சை எண்ணினேன்.

சரி, உங்கள் முந்நூறு வெள்ளிக்கு வருவோம். கை அசைவில் ஓடும் ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் ஓரியன்ட் கமாசு: எளிதில் கீறல் விழாத சேஃபையர் கண்ணாடி, 200 மீட்டர், சாவியும் கொடுக்கலாம். பின்மூடியைத் திறக்கும் தொல்லையே வேண்டாம் என்றால் வெளிச்சத்தில் சார்ஜ் ஆகும் சிட்டிசன் ஈகோ டிரைவ். சும்மா பழகிப் பார்க்க நூறுகூட வேண்டாம், பில் கேட்ஸ் கையில் காணப்பட்ட அந்த கேசியோ டியூரோ போதும், அதுவும் 200 மீட்டர்தான். பழைய எஸ்கேஎக்ஸ்தான் வேண்டுமென்று அடம்பிடித்தால், நானூறுக்கு மேல் ஒரு காசு கொடுக்காதீர்கள். என்னுடையதை விற்பேனா என்று உள்பெட்டியில் கேட்காதீர்கள், இப்போதும் கையில்தான் இருக்கிறது.