ஒரு சின்னக் கிராமத்துச் சபைக்கு அப்படி என்ன பெரிய வரலாறு இருந்துவிடப் போகிறது?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வேலை நிமித்தமாக அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், விச்சிட்டா நகரில் இருக்கிறேன். அங்கிருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்குள் கோசல் வந்துவிடும். சில நூறு பேர் வாழும் ஊர். ஊரைத் தாண்டினால் கோதுமை வயல்களுக்கு நடுவே அலெக்சாண்டர்வோல் மெனோனைட் சபையின் வெள்ளை ஆலயம்.

மெனோனைட்டுகள் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். அவர்களுக்கு விவரம் தெரிந்த வயதில்தான் ஞானஸ்நானம். ஆயுதமும் எடுக்க மாட்டார்கள். இவர்களை ஊர் ஊராகத் துரத்தியது இந்த இரண்டாவது கொள்கைதான்.

இன்றைய போலந்தில், விஸ்துலா ஆற்றங்கரையில் இருந்தவர்கள், 1820 வாக்கில் இன்றைய தென் உக்ரைனில் உள்ள மோலோச்னாவுக்குக் கிளம்பினார்கள். வழியில் ரஷ்ய ஜார் மன்னர் முதலாம் அலெக்சாண்டர் எதிர்ப்பட்டு, நல்லா இருங்கள் என்று வாழ்த்தினாராம். அந்த நினைவில் புது ஊருக்கு அலெக்சாண்டர்வோல் என்று பெயர் வைத்தார்கள். ஜெர்மனில் 'வோல்' என்றால் நலம். வாழ்த்து ஐம்பது வருஷம் தாங்கியது. அப்புறம் அவருடைய தம்பி மகன் (அவர் பெயரும் அலெக்சாண்டர்தான்!) எல்லோருக்கும் கட்டாய ராணுவ சேவை என்றார்.

சரி, மறுபடி மூட்டை கட்ட வேண்டியதுதான். 1873இல் நிலம் பார்த்துவர அமெரிக்கா போன 12 பேரில் இந்தச் சபையின் மூப்பர் யாக்கோப் புல்லரும் ஒருவர். மறுவருஷமே ஏறக்குறைய மொத்த ஊரும், சுமார் 800 பேர், ஹாம்பர்கில் கப்பல் ஏறியது. சிம்ப்ரியா, ட்யூட்டோனியா என்று இரண்டு கப்பல்கள். கப்பல் இரண்டானதும் சபையும் இரண்டானது. ட்யூட்டோனியாவில் வந்தவர்கள் தீத்ரிக் கேடர்ட் தலைமையில் தள்ளிப்போய் ஹோஃப்னுங்ஸாவ் என்ற தனிச் சபை ஆனார்கள்.

கான்சாஸில் நிலம் விற்ற சாண்டா ஃபே ரயில் கம்பெனியே, வந்தவர்கள் தங்க நீளக் கொட்டகைகள் போட்டுக் கொடுத்தது. ஆலயம் எழும்ப 1886 ஆகிவிட்டது.

கோசல் அருங்காட்சியகத்தில் கோதுமைத் தாளால் பின்னிய பெரிய மணி ஒன்று இருக்கிறது. எல்லோரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். எனக்குப் பிடித்தது ஸ்வீபாக். பெரிய உருண்டை பன் மேல் சின்ன உருண்டையை அழுத்தி வைத்துச் சுடுவது. கப்பல் பயணத்துக்கு அதையே இன்னொரு தடவை காயச் சுட்டு மூட்டையில் கட்டினார்கள். நம்ம ரஸ்க் மாதிரிதான், வாரக்கணக்கில் கெடாது.

அதைவிட முக்கியமாக அவர்கள் பத்திரமாகக் கொண்டுவந்தது சபைப் பதிவேடு. 1600களில் பிறந்தவர்களின் பெயர்கூட அதில் உண்டு. நம் ஊரில் குலதெய்வத்துக்குப் பிடிமண் எடுத்துப் போவார்களே, இவர்களுக்கு அந்த நோட்டு. அங்கே பேச்சுக் கொடுத்த ஒரு பாட்டி, அப்பா, தாத்தா, பூட்டன் என்று விரல் மடக்கிக்கொண்டே போலந்து வரைக்கும் போய்விட்டார். உங்கள் குடும்பம் எப்படி என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தாத்தாவோடு விரல் நின்றுவிட்டது.