வீடு கட்ட எஃப்இ 500 டி கம்பி போதுமா, 550 வாங்க வேண்டுமா? கம்பிகளில் என்னென்ன வகைகள் உள்ளன?

சாதாரணத் தனி வீட்டுக்கு எஃப்இ 500 டி போதும். எண் பெரிதானால் வீடு உறுதியாகும் என்று நம்பிப் பலர் கூடுதல் விலை கொடுப்பதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கான்கிரீட் அழுத்தத்தை நன்கு தாங்கும்; இழுவிசையில் எளிதில் விரிசல் விடும். அந்த இழுவிசையை ஏற்கவே கம்பி வைக்கிறோம். முற்காலத்தில் வழவழப்பான மைல்டு ஸ்டீல் கம்பியும், பிறகு குளிர்நிலையில் முறுக்கிய கம்பியும் புழங்கின. இன்று கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் டிஎம்டி கம்பியே. உருட்டாலையிலிருந்து செஞ்சூட்டோடு வெளிவரும் கம்பியின் மேல் வேகமாக நீரைப் பாய்ச்சுவதால் வெளிப்புறம் கடினமாகிறது. உட்புறம் மெல்ல ஆறி நெகிழ்வோடு இருக்கிறது.

எஃப்இ என்பது இரும்பின் குறியீடு; 500, 550 என்ற எண்கள், கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் முன் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் விசை தாங்கும் என்பதைக் குறிப்பவை. ஆனால் நிலநடுக்கத்தில் கட்டடத்தைக் காப்பது, அறுபடுவதற்கு முன் கம்பி எவ்வளவு நீள்கிறது என்பதுதான். ஐஎஸ் 1786 என்ற இந்தியத் தரத்தின்படி 500 கம்பி குறைந்தது 12 விழுக்காடும், கூடுதலாக நீளும் ரகமான 500 டி ('டி' அந்த நெகிழ்வைக் குறிக்கும்) 16 விழுக்காடும் நீள வேண்டும். 'டி' இல்லாத 550 கம்பிக்கோ 10 விழுக்காடே போதும். ஆகவே 550 தான் வேண்டுமென்றாலும் 550 டி என்று கேட்டு வாங்குங்கள். எந்த ரகமானாலும், பொறியாளரின் வரைபடத்தில் உள்ள கம்பி எண்ணிக்கையை வேலை நடக்கும் இடத்தில் யாரும் குறைக்க விடாதீர்கள்.

நல்ல கம்பி வாங்கியும் வீணாகும் இடம் ஒன்று உண்டு: சன்ஷேடும் பால்கனியும். சுவரிலிருந்து வெளியே நீளும் கான்கிரீட் பலகைக்கு இழுவிசை மேற்பரப்பில் வருவதால் முதன்மைக் கம்பியும் மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் சட்டியோடு வருபவர்கள் மிதித்து மிதித்து, அந்தக் கம்பி கான்கிரீட் பலகையின் அடிக்கே இறங்கிவிடுவதைப் பல கட்டுமான இடங்களில் பார்த்திருக்கிறேன். கான்கிரீட்டைத் தாங்கி நிற்கும் முட்டுகளைப் பிரித்ததும் சுவரோரத்தில் மேற்புறமாக விரிசல் ஓடும். கம்பிக்கடியில், அதைத் தூக்கிப் பிடிக்கும் 'சேர்' கம்பிகளைப் போதிய அளவு வைத்துக் கட்டி, நடப்பதற்குத் தனி மரப்பலகை போட்டால் இதைத் தவிர்க்கலாம்.

தூணிலும் பீமிலும் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியின் முனைகளை 90 பாகையில் வெறுமனே மடக்காமல் 135 பாகைக்கு உள்நோக்கி வளைக்கச் சொல்லுங்கள். கம்பி கட்டுபவருக்கு இது கூடுதல் வேலை என்பதால் நீங்கள் கேட்டால்தான் நடக்கும். நிலநடுக்கக் குலுக்கலில் கம்பியை மூடிய கான்கிரீட் உதிர்ந்தாலும் அத்தகைய கொக்கி திறந்துகொள்ளாது.

கவர் பிளாக் விஷயத்திலும் கண்டிப்பாக இருங்கள்; கம்பிக்கு வெளியே போதிய கான்கிரீட் உறை ('கவர்') இருக்கும்படி இடைவெளி தரும் சிறு கட்டைகள் இவை. வழக்கமான சூழலில் கூரைத் தளத்துக்கு 20 மி.மீ., தூணுக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50 என வைக்கிறோம். கடற்காற்று நேரடியாகப் படும் பகுதிகளுக்கு கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456 தரம் 45 மி.மீ. கவரும் எம் 30 வலிமைத் தரக் கான்கிரீட்டும் கேட்கிறது. எபாக்சி பூசிய கம்பியும் துத்தநாகம் பூசிய கம்பியும் கடலோரத்துக்கென்றே கிடைக்கின்றன; என்றாலும் முதலில் கவரையும் கான்கிரீட்டின் அடர்த்தியையும் சரிசெய்யுங்கள்.

கம்பி வந்திறங்கியதும் எடை பாருங்கள். மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தின் வர்க்கத்தை 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கான எடை கிலோவில் கிடைக்கும். அதன்படி 12 மி.மீ. கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 10.7 கிலோ இருக்க வேண்டும்.