ஸ்வான்சீயில் அன்னமும் இல்லை, கடலும் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலைக்காக வேல்ஸின் தலைநகரான கார்டிஃப் வந்து ஒரு வருடம் ஆகிறது. பக்கத்து நகரத்துக்குப் போகும் சாலையில் பலகைகள் 'அபர்டாவே', 'ஸ்வான்சீ' என்று இரண்டு பெயர் சொல்கின்றன. ஸ்வான்சீ என்றால் அன்னங்கள் நீந்தும் கடல் என்றுதான் நினைத்திருந்தேன். உடன் வேலை பார்க்கும் வேல்ஸ்காரர் அப்படி இல்லவே இல்லை என்கிறார். பிறகு எப்படி வந்தது அந்தப் பெயர்? அபர்டாவே அதன் மொழிபெயர்ப்பா?

க.

அன்புள்ள க,

உங்கள் நண்பர் சொன்னது சரி. 12ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் அந்தப் பெயரின் முன்பாதி 'ஸ்வெய்ன்' என்றுதான் இருக்கிறது. அது ஸ்காண்டிநேவியாவிலிருந்து கப்பலேறி வந்த வைக்கிங்குகள் வைத்துக்கொண்ட ஆள்பெயர். கடைசியில் வரும் 'ஈ' அவர்களுடைய நார்ஸ் மொழியில் தீவைக் குறிக்கும் 'எய்'. ஆக, ஸ்வெய்னின் தீவு. சொல்லின் பொருள் மறந்துபோன பிறகு ஆங்கிலக் காது அதில் அன்னத்தையும் கடலையும் கேட்டுக்கொண்டது.

அந்த 'எய்' தெரிந்துவிட்டால் வேல்ஸ் கடற்கரை வேறு மாதிரி தெரியும். ஆங்கிள்சீ, ஓங்குல் என்பவரின் தீவு. கால்டி, குளிர்ந்த தீவு. பிரிஸ்டல் கால்வாயில் இருக்கும் லண்டி, பஃபின் பறவைகளின் தீவு. ஐஸ்லாந்தில் இன்றும் பஃபினை 'லுண்டி' என்றுதான் சொல்கிறார்கள், அந்தப் பறவைகள் இன்றும் அந்தத் தீவில் கூடு கட்டுகின்றன.

அபர்டாவே மொழிபெயர்ப்பு அல்ல. வேல்ஸ் மொழியில் 'அபர்' என்றால் ஆற்று முகத்துவாரம். டாவே ஆறு கடலில் சேரும் இடம். ஒரே ஊருக்கு இரண்டு கூட்டம் இரண்டு திசையிலிருந்து பெயர் வைத்திருக்கிறது. ஒரு கூட்டம் கடலிலிருந்து வந்தது. இன்னொன்று ஆற்றங்கரையிலேயே வாழ்ந்தது. வேல்ஸ் கரையில் நார்ஸ் பெயர்கள் பெரும்பாலும் படகிலிருந்து கண்ணில் படும் தீவுகளிலும் முனைகளிலும்தான் ஒட்டியிருக்கின்றன. அந்தத் தீவுகளுக்கும் வேல்ஸ்காரர்கள் தங்கள் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. ஆங்கிள்சீ அவர்களுக்கு இன்றும் 'அனிஸ் மோன்'தான். ரோமானியர்கள் அதை 'மோனா' என்று எழுதினார்கள். வைக்கிங்குகளுக்குப் பல நூறு ஆண்டுகள் முந்திய பெயர் அது. இந்த விடாப்பிடி எனக்கு மிகவும் பிடிக்கும்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கதை வேறு. அங்கே வைக்கிங்குகள் குடியேறி உழுதார்கள். அதனால் விட்பி, கிரிம்ஸ்பி என்று ஊரைக் குறிக்கும் 'பி' வந்து நிற்கிறது.

அப்புறம், பெயரின் வாலை மட்டும் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். அதே கிழக்குக் கரையில் இருக்கும் ஸ்கெக்னஸ்ஸில் 'னெஸ்' கடலுக்குள் நீளும் முனை. ஸ்காட்லாந்தில் இருக்கும் இன்வர்னெஸ்ஸில் அது ஆற்றின் பெயர். 'இன்வர்' என்பது கேலிக் மொழியில் முகத்துவாரம். அதே ஸ்காட்லாந்தில் அபர்டீனும் இருக்கிறது. வேல்ஸின் 'அபர்' அவ்வளவு தூரம் வடக்கே எப்படிப் போனது? போகவில்லை, அங்கேயே இருந்தது. வேல்ஸ் மொழிக்கு உறவான ஒரு மொழியை அங்கே வாழ்ந்த பிக்ட் மக்கள் பேசினார்கள். கேலிக் அதன் மேல் வந்து படிந்தது.

எனக்கு மிக நெருக்கமான பெயர் டோவர். வெள்ளைப் பாறைகள் நிற்கும் அந்தத் துறைமுகத்தை இங்கிலாந்தின் வாசல் என்பார்கள். ஆனால் பெயர் ஆங்கிலம் இல்லை. ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே ரோமானியர்கள் அதை 'டூப்ரிஸ்' என்று எழுதிவைத்தார்கள். நீர் என்ற பொருளுள்ள சொல் அது, வேல்ஸ் மொழிக்குத் தாயான பழைய பிரிட்டானிய மொழிச் சொல். உங்கள் நண்பரிடம் தண்ணீருக்கு வேல்ஸ் மொழியில் என்ன என்று கேளுங்கள். 'டூர்' என்பார். அதே சொல்தான்.

ஸ்வான்சீ போகும்போது கவர் தீபகற்பத்தின் மேற்கு முனையில் இருக்கும் வோர்ம்ஸ் ஹெட் வரை போய்வாருங்கள். அந்த 'வோர்ம்' புழு இல்லை, பழைய ஆங்கிலத்தில் பெரும்பாம்பு. வடக்கு வேல்ஸில் உள்ள கிரேட் ஓர்ம் முனையின் பெயரும் அதே வேர்தான். கரையில் நின்று பாருங்கள், பாம்பு தலை தூக்கிக் கடலுக்குள் போவது தெரியும். அலை இறங்கியிருக்கும் சில மணி நேரம் மட்டுமே பாறைகள் மேல் நடந்து அங்கே போக முடியும். நேரம் பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.