பாம்பின் மூச்சு – ஒரு கடிதம்

வணக்கம்.

என்னிடம் 9 வயதான பால் பைத்தான் (ball python, பந்துபோலச் சுருண்டுகொள்ளும் விஷமில்லாத மலைப்பாம்பு) ஒன்று இருக்கிறது. இரண்டு வருடத்தில் மூன்று முறை அதற்கு நுரையீரல் தொற்று வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் ஊசி போட்டால் சரியாகிறது, சில மாதங்களில் மறுபடி மூக்கில் குமிழி, மூச்சில் விசில் சத்தம். போன முறை குமிழி நின்றதும் மீதி ஊசிகளைப் போடவில்லை, அதற்கு வலிக்கிறதே என்று. இப்போது நான்காவது தடவை. மருத்துவர் புதிதாகச் சில பரிசோதனைகள் வேண்டும் என்கிறார். செலவு அதிகம். "பாம்புக்குப் போய் இவ்வளவா" என்கிறார்கள் வீட்டில். திரும்பத் திரும்பக் குத்துவதைவிட இயற்கையின் போக்கில் விட்டுவிடுவதுதான் அதற்கு நல்லதோ என்று எனக்கும் தோன்றுகிறது. அதற்கு என்னைத் தெரியுமா என்பதே எனக்குத் தெரியாது. என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று நாளாக உங்கள் கடிதத்தை எடுத்து எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். நானும் ஒரு பால் பைத்தான் வளர்த்தவன். அதற்கும் இதே நோய். சமீபத்தில் அதன் நினைவு அடிக்கடி வந்துகொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதமும் வந்தது.

அதற்கு உங்களைத் தெரியுமா என்ற கேள்வியை விடுங்கள். தெரியாவிட்டால் மூச்சுத்திணறல் குறைந்துவிடுமா? வீட்டில் சொல்வதையும் விடுங்கள். செலவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனை முதலில், எது பிறகு என்று அவர் வரிசைப்படுத்தித் தருவார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் "இயற்கையின் போக்கில்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. எந்த இயற்கை? நாலு பக்கமும் கண்ணாடி, மேலே மூடி, கீழே சூடேற்றும் ஹீட் மேட். அந்தத் தொட்டிக்குள் இருக்கும் சூடு, ஈரம், இருட்டு எல்லாம் உங்கள் கையால் வந்தவை.

பாம்புக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். நோயை எதிர்க்கும் சக்தியும் அந்தச் சூட்டை நம்பித்தான் வேலை செய்கிறது. நமக்குத் தொற்று வந்தால் படுத்த இடத்திலேயே காய்ச்சல் வரும். ஊர்வனவற்றில் பல, நோய் கண்டால் இன்னும் சூடான இடத்துக்கு நகர்ந்து போய் தமக்குத் தாமே காய்ச்சலை வரவழைத்துக்கொள்கின்றன. மேத்யூ க்ளூகர் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் 1975இல் பாலைவன இகுவானா என்ற பல்லிகளுக்கு ஏரோமோனாஸ் நுண்ணுயிரை ஏற்றி, 34 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை ஐந்து வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்தார்கள். சூடு கூடக் கூடப் பிழைத்தவையும் கூடின. (பைத்தானை 40க்குக் கொண்டுபோய்விடாதீர்கள், அது பாலைவனப் பிராணி இல்லை.) பாம்புகளின் நுரையீரல் தொற்றிலும் இதே ஏரோமோனாஸ் அடிக்கடி அகப்படுகிறது. வெளியில் இருக்கும் பாம்பாவது வெயில் பட்ட பாறையைத் தேடிப் போகலாம். உங்கள் பாம்பு எங்கே போகும்? போகிற வழியை அடைத்து வைத்துவிட்டு, இனி உன் பாடு என்று சொல்வதற்கு இயற்கை என்று பெயர் வைக்காதீர்கள்.

இவ்வளவு கடுமையாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நானும் அதே வார்த்தையைச் சொல்லித்தான் என் பாம்பைக் கைவிட்டேன்.

மூன்றாவது முறை தொற்று வந்தபோது எனக்கு அலுத்துவிட்டது. நான் காட்டிக்கொண்டிருந்த மருத்துவர் தொட்டியின் சூட்டைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நானாகவும் சொல்லவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த வட்டத் தெர்மாமீட்டர் எப்போதும் 32 காட்டும், அதை நம்பினேன். சரி, இனிமேல் ஊசி வேண்டாம், அமைதியாகப் போகட்டும் என்று முடிவு செய்தேன்.

அமைதியாகப் போகவில்லை. பாம்புக்கு உதரவிதானம் இல்லை, நம்மைப் போல இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. அதன் சீழ்கூட நீராக ஓடுவதில்லை, பாலாடைக்கட்டி போல இறுகிக் கிடக்கும். அதனால் அது தலையை நேராக மேலே தூக்கிக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு வாயைத் திறந்து வைத்திருந்தது. கொஞ்ச நேரம் தூங்கும், தலை சரியும், மூச்சு அடைக்கும், மறுபடி தூக்கும். உடம்பின் வேலையெல்லாம் மெதுவாக நடக்கிற பிராணிக்குச் சாவும் மெதுவாகத்தான் வருகிறது. பதினோரு இரவு. நான் விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்து அறையில் படுத்திருந்தேன். அந்த விசில் சத்தம் அங்கேயும் கேட்டது.

ஊசியைப் பாதியில் நிறுத்தியதற்கும் உங்களைத் திட்டத்தான் வேண்டும். செஃப்டாசிடிம் போன்ற மருந்தைப் பாம்புக்குப் பொதுவாக 72 மணி நேரத்துக்கு ஒருமுறை போடுவார்கள், அதுவும் வாரக்கணக்கில். குமிழி நின்றால் கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லை. அதற்கு வலிக்கிறது என்று நிறுத்தினேன் என்கிறீர்கள். குத்துவதைப் பார்க்க உங்களுக்கு முடியவில்லை, அதனால் நிறுத்தினீர்கள். எனக்குப் புரிகிறது, ஆனாலும் அது தவறு. என்ரோஃப்ளாக்சசின் என்ற இன்னொரு கிருமிக்கொல்லி ஊசி என்றால் உண்மையிலேயே வலிக்கும், தசையையும் புண்ணாக்கும். வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கலாமே.

அப்புறம், நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மருத்துவர் கேட்கும் பரிசோதனை மூச்சுக்குழலைக் கழுவி எடுக்கும் மாதிரியாக இருந்தால் செய்யுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரியாமல் நான்காவது முறையும் ஊசி போடுவதில் பயனில்லை. கூடவே நைடோவைரஸ் (பாம்பின் மூச்சுறுப்புகளைத் தாக்கும் வைரஸ்) சோதனையும் கேளுங்கள். 2014இல்தான் பால் பைத்தான்களில் அதைக் கண்டுபிடித்தார்கள், அதற்கு மருந்து கிடையாது. அந்த வைரஸ்தான் என்றால், கருணைக்கொலை பற்றி யோசிப்பதில் குற்றமில்லை. அதையும் மருத்துவர்தான் செய்ய வேண்டும், முதலில் மயக்க மருந்து கொடுத்து. ஃப்ரீஸரில் வைத்தால் தூங்கிப்போகும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அதுவரை வாரம் ஒருமுறை கிராம் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். சாப்பிடாததை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம், நல்ல ஆரோக்கியத்தில்கூடப் பல மாதம் சாப்பிடாமல் இருக்கும். எடை இறங்குகிறதா, நாக்கை நீட்டிப் பார்க்கிறதா, தலையைத் தரையில் வைத்துச் சுருண்டு தூங்க முடிகிறதா என்பதைக் கவனியுங்கள். 9 வயது என்பதைக் கிழடு என்றும் நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிச்சாலையில் குறைந்தது 62 வயதான ஒரு பால் பைத்தான் 2020இல் முட்டையிட்டது.

எல்லாவற்றுக்கும் முன்னால், இன்று இரவு ஒன்று செய்யுங்கள். வயர் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியை அது வழக்கமாகப் படுக்கும் இடத்தில், தரையோடு ஒட்டி வையுங்கள். சூடான பக்கம் 31, 32 இருக்க வேண்டும். விடிகாலையில் எழுந்து பார்த்துவிட்டு அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள். என் பாம்பு போன பிறகு, காலித் தொட்டியில் நான் அப்படி அளந்தபோது 23 இருந்தது.