கோல் லிஸ்டைக் காட்டி விசாரித்தால்

தம்பி, பொலிஸார் உங்கள் மூன்று மாதக் கோல் லிஸ்டை, அதாவது தொலைபேசி அழைப்புப் பட்டியலை, மேசையில் விரித்து, "இந்த நம்பர் யார்?" என்று கேட்டது சட்டப்படி சரியா என்கிறீர்கள். இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், பிரிவு 18 பாருங்கள். அந்தச் சட்டத்தின் கீழான விசாரணைக்கு அழைப்புத் தரவு எடுக்க நீதவானின் ஆணை வேண்டும். அவசரத்துக்கு மட்டும் விலக்கு. நமது அரசியலமைப்பில் தனியுரிமை தனியான அடிப்படை உரிமையாக இல்லாதது பெரிய ஓட்டைதான்.

முதலில் உங்களை விசாரித்த திகதியை எழுதி வையுங்கள். என் மச்சான் எழுதவில்லை, காலம் கடந்துவிட்டது. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரே மாதம்தான். அதற்குள் மட்டக்களப்பு மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையிலுள்ள நாட்கள் கணக்கில் சேராது. நாளைக்கே போங்கள்.