தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டு 7 மாதமாகச் சொல்லவில்லை. என்ன செய்யலாம்?

உயர் நீதிமன்ற வழக்கு என்றால் வழி இருக்கிறது. பாட்னா உயர் நீதிமன்றம் ஒரு கொலை வழக்கு மேல்முறையீட்டில் வாதம் முடிந்து ஏறக்குறைய 2 வருடம் கழித்துத்தான் தீர்ப்பு சொன்னது. வக்கீல் அழுத்திச் சொன்ன ஒவ்வொரு குறிப்பும் அதற்குள் நீதிபதி மனதில் மங்கியிருக்காதா? அந்த அனில் ராய் வழக்கில்தான் 2001-இல் உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது. 3 மாதம் தாண்டினால், தீர்ப்பைச் சீக்கிரம் சொல்லக் கேட்டு வழக்கு நடந்த உயர் நீதிமன்றத்திலேயே மனு போடலாம். 6 மாதமும் தாண்டினால், வேறு அமர்வுக்கு மாற்றச் சொல்லி அந்த உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியிடம் கேட்கலாம். நீங்கள் இப்போது இந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள். ஆனால் மாற்றினால் வாதம் முதலிலிருந்து நடக்கும். ஃபீஸ், அலைச்சல் எல்லாம் மறுபடியும். நீதிபதி கோபித்துக்கொள்வாரோ என்று பலர் தயங்குகிறார்கள். தயங்காதீர்கள், இது உங்கள் உரிமை.