கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பாய் விரித்து ஒரு பகல்: கேள்வி-பதில்

கடலூர் துறைமுகத்திலிருந்து புதுச்சேரிக்குப் பாய்மரப் படகில் எவ்வளவு நேரம் ஆகும்? அன்றே திரும்பிவிடலாமா? (நெல்லிக்குப்பம் வாசகர்)

தூரம் சுமார் 12 கடல் மைல். மணிக்கு 4 கடல் மைல் வேகம் கிடைத்தால் 3 மணி நேரம். ஆனால் எத்தனை மணி நேரம் என்பதைவிட எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்பதே முக்கியம். மார்ச் முதல் மே வரை விடியலில் மேற்கிலிருந்து கரைக்காற்று மெல்ல வீசும். கரையோரக் கடல் அடங்கிக் கிடக்கும். வெயில் ஏற ஏற அது ஓய்ந்து, பாய் சற்று நேரம் துவண்டு தொங்கும். பிறகு தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழும். வடக்கே போகிறவருக்கு இரண்டுமே உதவும். அந்த மாதங்களில் நீரோட்டமும் பெரும்பாலும் வடக்கு நோக்கியே. பிற்பகலில் திரும்பினால் காற்று, அலை, நீரோட்டம் மூன்றோடும் மல்லுக்கட்ட வேண்டும். இரவு தங்கி, மறுநாள் விடியலில் கிளம்புங்கள்.

புதுச்சேரித் துறைமுகத்துக்கு வழியான அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் நுழையப் பயமாக இருக்கிறது. (முதலியார்பேட்டை வாசகர்)

அந்தப் பயம் நல்லது. இந்தப் பயணத்தில் ஆபத்து நடுக்கடலில் இல்லை, ஆற்று வாயில்தான் இருக்கிறது. அங்கே மணல் சேர்ந்துகொண்டே இருக்கும். போன மாதம் பார்த்த ஆழத்தை இன்று நம்பக் கூடாது. கடல் பக்கத்திலிருந்து பார்க்கும்போது உடையும் அலையின் முதுகு மட்டுமே தெரியும், வழுவழுப்பாக, ஒன்றுமில்லாததுபோல. ஆகவே வெளியே நின்று பத்து நிமிடம் கவனியுங்கள். ஃபைபர் படகுகள் போகும் தடத்தைப் பாருங்கள், ஆனால் அப்படியே பின்தொடராதீர்கள். அரை மீட்டர் தண்ணீரில் அவை ஓடிவிடும். உங்கள் படகுக்கு ஒன்றரை மீட்டர் வேண்டியிருக்கும். நீர் ஏறும் வேளையில் நுழையுங்கள். மணலில் தட்டினாலும் ஏறும் நீரே தூக்கிவிடும். வாய் முழுவதும் வெள்ளை நுரையாக இருந்தால் நுழையவே வேண்டாம். முந்தின நாளே வீராம்பட்டினத்து மீனவர் ஒருவரிடம் கேட்டுவைப்பது எந்த வரைபடத்தையும்விட மேல்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையை ஒட்டிப் படம் எடுத்தபடி போகலாமா?

வேண்டாம். தலைமைச் செயலகத்துக்கு எதிரே கரையைக் காக்க அமைத்த எஃகுத் திட்டு நீருக்குள் மூழ்கியிருக்கிறது. கப்பல்களுக்காகக் கடலுக்குள் நீட்டிக் கட்டியிருந்து, 1952 புயலில் அழிந்த பழைய பாலத்தின் தூண்கள் ஒருபுறம். 2022 மார்ச்சில் ஒரு பகுதி சரிந்த துறைமுகப் பாலம் இன்னொருபுறம். ஆழமானி 10 மீட்டருக்குக் குறையாதபடி விலகிப் போங்கள். படத்துக்கு அந்தத் தூரமே அழகு.

படகைத் தள்ளும் எஞ்சின் சுழலியில் வலை சிக்கினால்? (தேவனாம்பட்டினம் வாசகர்)

உடனே எஞ்சினை நிறுத்துங்கள். நரம்பைக்கு நேரே எனக்கே இது நேர்ந்தது. பச்சை நைலான் நூல் சுழலித் தண்டைச் சுற்றி, சூட்டில் உருகி, வளையல்போல் இறுகியிருந்தது. நான் கத்தியோடு இறங்கப் போனேன். வலைக்குச் சொந்தக்காரர் தம் படகிலிருந்து கைகாட்டித் தடுத்து, தாமே குதித்தார். தண்டைக் கையாலேயே எதிர்ப்பக்கம் திருப்பித் திருப்பிச் சுற்றைப் பிரித்தார். கடைசியில் அறுபட்டது ஒரு முழம்தான். வலை அவர்களுடைய சோறு. மிதவைக் கொடி தெரிந்தால் ஒரு மைல் சுற்றினாலும் சுற்றிப் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்திலும் சிறு படகுகளின் வலை இருக்கும்.

குமட்டலுக்கு என்ன செய்வது?

வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். இரண்டு இட்லி போதும். படகின் அறைக்குள் போகாமல் தொடுவானத்தைப் பாருங்கள். சுக்கானைப் பிடித்திருப்பவருக்குக் குமட்டல் குறைவு.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் போகலாமா?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நான் போவதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தது இதே கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான். துறைமுகத்தில் 1-ஆம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏறினாலே பாய்களைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள். சுருட்டிக் கட்டிய பாயையும் புயற்காற்று அவிழ்த்துக் கிழித்துவிடும்.